ஊர்க் கணக்கு ஊரார் கையில்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே படிவத்தில், கைப்பேசியின் வழியாகவும் பலகை போன்ற டேப்லெட் கருவியின் வழியாகவும் நம் கைக்கு வந்து சேர்வதைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். கருவியின் பெருமையைப் பேசுவது நம் நோக்கம் அன்று. அதில் வரும் கணக்கை எவ்வாறு படிப்பது, படித்தபின் எதைக் கேட்பது, கேட்டவர்க்கு மன்றத்தார் எவ்வாறு விடையளிப்பது என்பனவே நாம் ஆராய வேண்டியவை.

ஒரே அளவையின் பயன்

நம் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தது. ஓர் ஊரில் வழங்கிய படி, சில கல் தொலைவில் இருந்த மற்றோர் ஊரின் படியோடு ஒவ்வாது. நெல் விற்கச் சென்ற உழவர், என்ன விலை என்று கேட்பதோடு நில்லாமல், எந்த மரக்கால் என்றும் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்க மறந்தவர் ஏமாந்தார். 1956ஆம் ஆண்டில் எடை அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் நாணய முறை வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக வழக்கத்திற்கு வந்தது. அதன் பின்னர் கும்பகோணத்துக் கிலோவும் கோவில்பட்டிக் கிலோவும் ஒன்றாயின. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் இரண்டு சந்தைகளின் விலையை ஒப்பிட்டுப் பேச வல்லவரானார்.

கணக்கிற்கும் இஃது பொருந்தும். கைபம்பைப் பழுது பார்த்த செலவை ஓர் ஊராட்சி ‘குடிநீர்’ என்று எழுதுகிறது. அடுத்த ஊராட்சி ‘பராமரிப்பு’ என்று எழுதுகிறது. மூன்றாவது ஊராட்சியோ ‘இதரச் செலவு’ என்று எழுதி முடித்துவிடுகிறது. மூன்று ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், குடிநீருக்கு எந்த ஊர் எவ்வளவு செலவிட்டது என்பதை எவராலும் சொல்ல இயலாது. அளவை ஒன்றாக இல்லாத இடத்தில் ஒப்பிடுதல் இல்லை. ஒப்பிட இயலாத கணக்கைக் கேள்வி கேட்பதும் அரிது.

கணக்குக் காட்டும் மரபு

பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நமக்குப் பிற நாட்டார் கற்பித்த பாடம் அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலை முறையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதே கல்வெட்டில் கணக்கைப் பற்றியும் விதி உண்டு என்பதை நினைவுகூர்வோர் சிலரே. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற வாரியங்களில் முன்னர்ப் பணி செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்பது அவ்விதி.

அந்தச் சபையில் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை. நிலமும் கல்வியும் உடைய ஒரு பிரிவினருக்கே அதில் இடம் இருந்தது. இன்றைய கிராம சபையிலோ, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வோர் ஆணும் பெண்ணும் உறுப்பினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சிலர் பெற்றிருந்த உரிமை இன்று அனைவருக்கும் உரியதாயிற்று. ஆனால் கணக்கு, அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்த வரையில் அவ்வுரிமை பெயரளவில்தான் இருந்தது.

கணக்கு கைப்பேசிக்கு வந்த வழி

1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகள் கணக்குகளைப் பேணுவதற்கும் அவை தணிக்கை செய்யப்படுவதற்கும் மாநிலங்கள் சட்டத்தில் வழிவகை செய்யலாம் என்று அதில் கூறப்பட்டுள்ளது. 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், நாடெங்கும் கணக்குத் தலைப்புகள் பலவாகவே இருந்தன. இக்குறையை நீக்கும் பொருட்டு, 2009ஆம் ஆண்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் சேர்ந்து ஒரு மாதிரிக் கணக்கு முறையை வகுத்தனர். ஆண்டு வரவு செலவுக் கணக்கு, மாதந்தோறும் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் பட்டி, வரவேண்டியவையும் தரவேண்டியவையும் காட்டும் பட்டி, அசையும் சொத்து, அசையாச் சொத்து, இருப்புப் பொருள் ஆகியவற்றின் பதிவேடுகள், வரியின் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு என்பன உள்ளிட்ட எட்டுப் படிவங்கள் அதில் அமைந்தன. அதற்கெனப் ‘பிரியாசாஃப்ட்’ என்னும் கணினி மென்பொருளும் உருவாயிற்று.

2020 ஏப்ரல் 24ஆம் நாள், திட்டம், வேலை, கணக்கு, சொத்து ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த மென்பொருள்கள் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் ஒரே தளத்தில் இணைக்கப்பட்டன. அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் வந்தது. அதே ஆண்டில் ‘ஆடிட் ஆன்லைன்’ என்னும் தணிக்கைத் தளம் வந்தது. பின்னர் வந்த ‘மேரி பஞ்சாயத்து’ செயலியிலும் ஊராட்சியின் திட்டங்களையும் வரவு செலவையும் பார்க்கலாம். இந்தியாவில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. புதூர், நல்லூர், புதுப்பட்டி என்னும் பெயர்களில் நம் மாநிலத்தில் எத்தனை ஊர்கள்! பெயர் ஒன்றாயினும் எண் வேறாதலால், ஓர் ஊரின் கணக்கு மற்றோர் ஊரின் கணக்கோடு கலப்பதில்லை.

நான்கு எண்களைப் படித்தல்

நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊரின் பக்கம் தோன்றும். அதில் எண்கள் பல இருக்கும். கண்டு மலைக்க வேண்டா. முதலில் நான்கு எண்களை மட்டும் படியுங்கள்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. எடுத்துக்காட்டாக, ஓர் ஊராட்சியில் ஆண்டின் தொடக்கத்தில் 2,40,000 ரூபாய் இருந்தது. ஆண்டில் 11,60,000 ரூபாய் வந்தது. 9,80,000 ரூபாய் செலவாயிற்று என்று கொள்வோம். கையில் இருக்க வேண்டியது 4,20,000 ரூபாய். இறுதி இருப்பு என்ற இடத்தில் இதே தொகை இருத்தல் வேண்டும். வங்கிக் கணக்கிலும் அதற்கு ஈடு காட்ட வேண்டும். நெல் மூட்டையின் வரவையும் பற்றையும் மனத்திலேயே வைத்துக் கணக்கிடும் உழவருக்கு இஃது ஓர் அரிய வித்தை ஆகாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, வந்த பணம் எதற்காக வந்தது என்பது. 15ஆவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கென 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 100க்கு 40 பங்கு, ஊரின் தேவைக்கேற்ப மன்றமே முடிவு செய்து செலவிடக்கூடிய தொகை. ஆனால் சம்பளத்திற்கும் அலுவலகச் செலவிற்கும் அதை எடுத்தல் ஆகாது. 30 பங்கு குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும், 30 பங்கு துப்புரவிற்கும் கட்டுண்டவை. ஆகவே அத்திட்டத்தில் ஓர் ஊராட்சிக்கு 10,00,000 ரூபாய் வந்திருந்தால், 4,00,000 ரூபாய் மன்றத்தின் விருப்பிற்கு உரியது. 3,00,000 ரூபாய் தண்ணீருக்கு உரியது. 3,00,000 ரூபாய் துப்புரவிற்கு உரியது. இப்பங்கீட்டை மனத்தில் வைத்து அந்த ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால், எந்தப் பணம் எந்த வழியில் சென்றது என்பது புலப்படும். நிதி ஆணையங்கள் மாறும்போது பங்கீடும் மாறக்கூடும். ஆதலால் ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த ஆண்டின் விதியைக் கேட்டறிதல் நன்று.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே ஆணையம், 2023-24ஆம் ஆண்டு முதல், முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் பொதுமக்கள் காணும் வகையில் இணையத்தில் வெளியிட்ட உள்ளாட்சிகளின் பொருட்டே மாநிலத்திற்கு மானியம் உண்டு என்று நிபந்தனை விதித்தது. கணக்கை எழுதத் தவறினால் ஊரின் தண்ணீருக்கு வர வேண்டிய பணமே நின்றுபோகும் நிலை அதனால் ஏற்பட்டது. கணக்கு எழுதுவது செயலரின் மேசை வேலை என்று இனி எவரும் ஒதுக்கிவிட முடியாது.

செலவாகாத பணமும் கேள்விக்குரியதே

கணக்கைக் கேட்பது என்றாலே, யார் எடுத்தார் என்று கேட்பதாகப் பலர் எண்ணுகின்றனர். முறைகேடு நிகழ்ந்த இடத்தில் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நிகராகக் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. குடிநீருக்கென வந்த 3,00,000 ரூபாயில் 40,000 ரூபாய் மட்டும் செலவாகி, மிச்சம் ஆண்டு முடியும் வரை வங்கியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரின் கடைக்கோடித் தெருவில் குழாய் இல்லை. பெண்கள் கோடையில் குடத்துடன் அடுத்த தெருவுக்கு நடக்கின்றனர். அங்கே திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஒரு காசும் குறையவில்லை. தணிக்கையாளரும் குற்றம் காணாமல் போகலாம். ஆயினும் அந்தத் தெருவிற்கு நேர்ந்த இழப்பு இழப்பே. ஆகஸ்டு மாதத்தில் ஒருவர் அந்த இறுதி இருப்பைப் படித்துக் கிராம சபையில் கேட்டிருந்தால், பங்குனி வெயிலுக்கு முன் குழாய் போடப்பட்டிருக்கும்.

ஒரே படிவத்தில் கணக்கு இருப்பதால் பக்கத்து ஊராட்சியையும் பார்க்கலாம். ஆனால் ஒப்பிடுவதில் நியாயம் வேண்டும். 600 வீடுகள் உள்ள ஊரையும் 2,000 வீடுகள் உள்ள ஊரையும் தொகையை மட்டும் கொண்டு ஒப்பிடுதல் தகாது. ஊற்று நீர் மேலே கிடைக்கும் ஊருக்கும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரால் இறைக்கும் ஊருக்கும் மின்செலவு ஒன்றாக இராது. அவர்கள் குறைவாகச் செலவிட்டனர், நீங்கள் ஏன் மிகுதியாகச் செலவிட்டீர்கள் என்று சினந்து கேட்பதைவிட, வேறுபாட்டின் காரணம் என்ன என்று கேட்டால் பயன் கிட்டும்.

கணக்கில் கண்டதை நேரில் சென்று பார்ப்பதும் கடமை. வேலை தொடங்கும் முன்னரும், நடக்கும்போதும், முடிந்த பின்னரும் இடக்குறிப்போடு படம் எடுத்துப் பதியும் முறை இருக்கிறது. 60 மீட்டர் வடிகால் என்று கணக்கு கூறினால், நாடாவை எடுத்துச் சென்று அளந்து பாருங்கள். படம் உண்மையைக் காட்டலாம். எனினும் அளவை உங்கள் காலடியில்தான் இருக்கிறது.

மன்றத்தார் செய்ய வேண்டியவை

தலைவர்களே, உறுப்பினர்களே, இனி உங்களிடம் சில வார்த்தைகள். கைப்பேசி நாம் எழுதியதையே காட்டும். எழுதாததை அது காட்டாது. தவறாக எழுதியதைத் திருத்தியும் காட்டாது. ஆகவே மூன்று செயல்களைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, காலம். அந்தந்த மாதத்து வரவு செலவை அந்தந்த மாதத்திலேயே பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, மாதக் கணக்கை முடித்துவிடுங்கள். மார்ச்சு மாதத்தில் பன்னிரண்டு மாதக் கணக்கையும் ஒன்றாக எழுதுவது, அறுவடையான நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு மழை வந்தபின் அள்ளுவதைப் போன்றது.

இரண்டாவது, தலைப்பு. குடிநீர்ச் செலவைக் குடிநீரிலும், துப்புரவுச் செலவைத் துப்புரவிலும் எழுதுங்கள். ‘இதரம்’ என்னும் தலைப்பு பெருத்துக்கொண்டே போகுமாயின், ஒரே படிவம் என்னும் ஏற்பாட்டின் பயன் கெட்டுவிடும். ஒவ்வொரு வவுச்சருக்கும் உரிய பில்லும், வேலையானால் அளவுப் புத்தகத்தின் பக்கமும் கையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கையொப்பம். இப்போது பணம் பொது நிதி மேலாண்மை அமைப்பின் வழியாக நேரே பெறுபவரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. ஒருவர் பதிய, மற்றொருவர் ஒப்புதல் அளிக்க, மின்னணுக் கையொப்பத்தால் அது நிறைவேறுகிறது. அக்கையொப்பம் அடங்கிய சிறு கருவி பென் டிரைவ் போன்றிருக்கும். அதையும் அதன் இரகசியக் குறியையும் பிறரிடம் விட்டுவைப்பது, வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கணினி இயக்கத் தெரியாது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. பெண் தலைவர்களாகிய தாய்மார்களுக்கு இதைச் சிறப்பாக வலியுறுத்துகிறோம். உங்கள் கையொப்பம் உங்களுடையது. வீட்டாராயினும் உறவினராயினும் அதை இடுதற்கு உரியவர் அல்லர். மன்றத்தின் பொறுப்பு தலைவரிடம் இருக்கும் காலத்திற்கும், தனி அலுவலரிடம் இருக்கும் காலத்திற்கும் இவ்விதிகள் ஒன்றே.

சில ஐயங்கள்

‘எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் அத்தகைய கைப்பேசி இல்லையே’ என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் ஊருக்கெல்லாம் ஒரு பிரதி போதும். மன்ற அலுவலகத்தில் உள்ள கணினியிலிருந்தோ டேப்லெட்டிலிருந்தோ மாதக் கணக்கை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கண் மங்கிய முதியவருக்கு அவருடைய பேத்தி படித்துச் சொல்லலாம். மகளிர் குழுக்கள் தம் சேமிப்புக் கணக்கை வாரந்தோறும் உரக்கப் படித்துக் கேட்கும் பழக்கம் உடையவை. அக்கூட்டத்தில் ஊராட்சிக் கணக்கையும் மாதம் ஒரு முறை படித்தால் அதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

‘எல்லாப் பணமும் அதில் தெரியுமா?’ என்பது மற்றொரு கேள்வி. அத்தளத்தில் பதியப்பட்ட திட்டங்களின் கணக்கே அங்குத் தோன்றும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதி முதலியவற்றுக்கு வேறு பதிவேடுகளும் தளங்களும் உண்டு. கைப்பேசியில் கண்டதே முழுமை என்று கொள்ளாமல், ஏனையவற்றையும் மன்றத்தில் கேட்டுப் பெறுங்கள். பதியப்பட்ட நாள் எது என்பதையும் பாருங்கள். நேற்றுக் கொடுத்த பணம் இன்று கணக்கில் ஏறாதிருக்கலாம். ஆறு மாதத்திற்கு முன் கொடுத்தது ஏறாதிருந்தால் கேட்க வேண்டும்.

உழவர் பெருமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொதுக் கணக்கைப் பார்ப்பதற்கு உங்கள் வங்கிக் கணக்கு எண் தேவையில்லை, ஏ.டி.எம். இரகசிய எண் தேவையில்லை. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் தேவையில்லை. ஊராட்சிக் கணக்கைக் காட்டுகிறோம், மானியம் தருகிறோம் என்று கூறி எவரேனும் அவற்றைக் கேட்டால், அவர் கணக்குக் காட்ட வந்தவர் அல்லர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

செய்து பார்ப்போம்

நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களைக் கிராம சபைக்குரிய நாட்களாகக் கொண்டிருக்கிறோம். அடுத்த சபைக்கு முந்தைய வாரத்தில், ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் தெருவாருடன் அமர்ந்து, நாம் முன்னர்க் கூறிய நான்கு எண்களையும் படிக்க வேண்டும். குடிநீருக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். சபையில் எழுந்து, மிஞ்சிய தொகையைக் கொண்டு எந்தத் தெருவில், எந்த மாதத்திற்குள், என்ன வேலை செய்யப்படும் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தலைவர் கூறும் விடை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படல் வேண்டும். அதற்கடுத்த சபையில் அத்தீர்மானத்தையும் கணக்கையும் அருகருகே வைத்துப் படித்தால், சொன்னது நடந்ததா என்பது வாதமின்றித் தெரிந்துவிடும்.

கேட்பவர் பகைவர் அல்லர் என்பதை மன்றத்தாரும், விடையளிப்பவர் குற்றவாளி அல்லர் என்பதை ஊராரும் உணர்ந்தால், இப்பணி இனிதே நடைபெறும். ஒழுங்காகக் கணக்கு எழுதும் தலைவருக்கு அக்கணக்கைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. வீண் பழி வரும்போது அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம்.

படிக்க வேண்டிய முறையை நம் விரிவாக்க அலுவலர்கள் இன்று பிற்பகலில் உங்கள் கைப்பேசிகளிலேயே காட்டுவார்கள். ஒவ்வொருவரும் தம் ஊராட்சியின் பக்கத்தைத் திறந்து, அந்த நான்கு எண்களையும் குறித்துக்கொண்டே இல்லம் திரும்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.